உரிமை வேறு, உரிமம் வேறு

“அமெரிக்காவில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அடிப்படை உரிமை. இந்தியாவில் மட்டும் ஏன் அப்படி இல்லை? ரவுடி கையில் துப்பாக்கி இருக்கிறது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவன் கையில் இல்லை. இந்தக் கட்டுப்பாடெல்லாம் நல்லவனுக்கு மட்டும்தானா?” இதுதான் கேள்வி.

நான் துப்பாக்கி சுட்டவன் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒன்றில், ஆயுத உரிமக் கோப்புகள் வந்து சேரும் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன். துப்பாக்கி கேட்டு வந்த மனுக்களையும், அவற்றின் மேல் தாசில்தாரும் போலீசும் எழுதி அனுப்பிய அறிக்கைகளையும் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவன். அந்த மேசைக்குப் பின்னாலிருந்துதான் பேசுகிறேன்.

நேரடிப் பதில்: இந்தியாவில் துப்பாக்கிக்கு உரிமை கிடையாது, உரிமம்தான் உண்டு. காரணம் சொல்ல வேண்டியவர் யார் என்பதில் இருக்கிறது வித்தியாசம். அமெரிக்காவில் ஒருவருக்குத் துப்பாக்கி ஏன் கூடாது என்று அரசு காரணம் காட்ட வேண்டும். இங்கே எனக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவர் காரணம் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

நம்மவர்கள் இந்த உரிமையைக் கேட்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1857 கிளர்ச்சியைப் பார்த்துப் பயந்தவர்கள் போட்ட சட்டம் அது. வேட்டைத் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ரோட்டில் நடக்கலாம், அதே ரோட்டில் அதே துப்பாக்கியோடு ஓர் ஊர்ப் பெரியவர் நடந்தால் குற்றம். ஆங்கிலேய ஆட்சி செய்த தவறுகளிலேயே ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தைத்தான் வரலாறு மிகக் கரியதாகக் கருதும் என்று காந்தி எழுதினார். துப்பாக்கி உரிமை கேட்பவர்கள் இந்த வரியை அடிக்கடி எடுத்துப் போடுகிறார்கள். அவர் அதை எங்கே எழுதினார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 1918-இல், முதல் உலகப் போருக்காக ஆங்கிலேய ராணுவத்துக்கு ஆள் சேர்க்க குஜராத்தின் கேடா பகுதியில் அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் வருவது அது. சட்டம் நீங்க வேண்டுமானால், ஆயுதம் பழக வேண்டுமானால், இதோ வாய்ப்பு, பட்டாளத்தில் சேருங்கள் என்கிற தொனி. வீட்டு அலமாரியில் ரிவால்வர் வைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது. சரி, சுதந்திரம் வந்ததும் அது எங்கே போயிற்று? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் ஹெச்.வி.காமத் அதே உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் கடைத்தெருவுக்குப் போய் விதவிதமான ஆயுதங்களைத் தடையில்லாமல் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அந்தச் சபை கூடியிருந்த நேரத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும். பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயவில்லை, காந்தி துப்பாக்கியால் சுடப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கடைசியில் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் ஆயுதம் என்ற பேச்சு இரண்டே இடத்தில்தான் வருகிறது. 19-ஆவது பிரிவில், குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்று. 25-ஆவது பிரிவில், சீக்கியர்கள் கிர்பான் அணிவது அவர்கள் மத உரிமையில் அடங்கும் என்று. ஒன்று ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா என்கிறது, இன்னொன்று ஒரே ஒரு கத்தியை உள்ளே விடுகிறது. துப்பாக்கிக்கு இடமில்லை. நடுவில் 1993-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஓர் அமர்வு, வாழும் உரிமைக்குள்ளேயே சாதாரணத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும் அடங்கும் என்கிற அளவுக்குப் போனது. பிறகு அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. 2023-இல் உரிமமில்லாத துப்பாக்கிகள் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, அமெரிக்காவைப் போல் இங்கே அது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும். இந்தச் சட்டத்தைப் படிக்காமலே எல்லோரும் அதைக் கடுமையானது என்கிறார்கள். நான் படித்தவரையில் அது ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் பயிர்க் காவலுக்கான நாட்டுத் துப்பாக்கி, அதாவது குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது. அதற்குப் பக்கத்திலேயே, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளக் குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கி. இந்த இரண்டுக்கும் 13-ஆவது பிரிவு ‘வழங்க வேண்டும்’ என்ற தோரணையில்தான் பேசுகிறது. பாதுகாப்புக்கோ பயிர்க் காவலுக்கோ கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை கொடுக்கச் சொல்கிறது. அடுத்த படியில் பிஸ்டல், ரிவால்வர். அங்கே ‘தகுந்த காரணம்’ இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். மேல்படியில் தடை செய்யப்பட்ட ரகங்கள். எங்கள் பேச்சில் அது ‘பி.பி.’ (Prohibited Bore), மற்றது ‘என்.பி.பி.’ (Non-Prohibited Bore). பி.பி. உள்துறை அமைச்சகத்தின் கையில் இருப்பது. ஆட்சியர் மட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

வேட்டியில் மறைக்க முடியாததற்குச் சட்டம் கொஞ்சம் தாராளம், இடுப்பில் செருக முடிவதற்குக் கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது முட்டாள்தனம் இல்லை. பன்றியை விரட்ட நீளத் துப்பாக்கி போதும். கைத்துப்பாக்கி மனிதனுக்காகவே செய்யப்பட்டது.

இன்னொரு வரி, பலருக்குத் தெரியாதது: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நடப்பு வேறு மாதிரி. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, உடல்நல மனநலச் சான்று வேண்டும், துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்று வேண்டும், போலீஸ் அறிக்கை வர வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். சிக்கல் ‘காரணம்’ என்ற பத்தியில். ‘உயிருக்கு ஆபத்து’ என்று எழுதுவார்கள். போலீஸ் விசாரித்து ‘குறிப்பிட்ட அச்சுறுத்தல் ஏதும் இல்லை’ என்று எழுதுவார்கள். இந்த ஒரு வரியில் கோப்பு மூடும். ஒரு மனுதாரர் நேரிலேயே வந்து கேட்டார்: “அப்போ ஒரு தடவை வெட்டு வாங்கிட்டு வரணுமா சார்?” எங்களிடம் பதில் இல்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

ஆனால் இதே வரி எல்லோருக்கும் எழுதப்படவில்லை என்பதுதான் என் மனக்குறை. கல்குவாரி வைத்திருப்பவர், ஃபைனான்ஸ் நடத்துபவர், கட்சியில் கொஞ்சம் பெயர் உள்ளவர், இவர்களுடைய கோப்புகளில் ‘தொழில் நிமித்தம் பெருந்தொகை எடுத்துச் செல்பவர்’ என்று அழகாக ஒரு பரிந்துரை வந்து ஒட்டிக்கொள்ளும். இவர்களில் பாதிப்பேருக்குத் துப்பாக்கி ஒரு மோதிரம் மாதிரி. கல்யாண வீட்டில் இடுப்புப் பக்கம் சட்டை கொஞ்சம் தூக்கியிருந்தால் போதும்.

இதற்கு நேர் எதிராக, யாரும் பேசாத விதி ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3-ஆவது விதியில், வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அரசு கண்டறிந்த இடங்களில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கலாம் என்று இருக்கிறது. அதோடு, தேவைப்பட்டால் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கவும் செய்யலாம் என்றும் இருக்கிறது. யாருக்கு உண்மையிலேயே ஆபத்து என்று சட்டமே பெயர் சொல்லிக் காட்டிய இடம் அது. என் மேசைக்கு வந்த கோப்புகளில் அந்த விதியைக் காட்டி உரிமம் கேட்ட மனு ஒன்றுகூட இல்லை. கேட்டிருந்தால் நாங்கள் என்ன எழுதியிருப்போம் என்பதை நினைக்கவும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்படக்கூடும்’ என்றுதான் எழுதியிருப்போம்.

அதனால் உங்கள் கேள்வியில் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. கட்டுப்பாடு நல்லவனை மட்டும் கட்டுகிறது என்பதைவிட, ஆள் பலம் இல்லாதவனை அதிகமாகக் கட்டுகிறது என்பேன்.

மறு பாதிக்கு, அமெரிக்காவைப் பார்க்கலாம். 1791-இல் அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். ஒழுங்கமைந்த குடிப்படை, அதாவது குடிமக்களே சேர்ந்த படை, ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கி, மக்கள் ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் உள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடியும். முன்பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இது படைக்கானது என்றார்கள், பின்பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இது ஆளுக்கானது என்றார்கள். இது தனிமனித உரிமை, வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது எப்போது தெரியுமா? 2008-இல், ஹெல்லர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். திருத்தம் வந்து 217 வருடம் கழித்து, ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில். அதே தீர்ப்பிலும் இந்த உரிமை எல்லையற்றது அல்ல என்ற வரி இருக்கிறது. 2022-இல் புரூயன் வழக்கில், வெளியில் எடுத்துச் செல்ல ‘தனிப்பட்ட தேவை’ இருப்பதாக நிரூபிக்கச் சொன்ன நியூயார்க் மாநில விதியைச் செல்லாது என்றார்கள். கவனியுங்கள், அந்த விதி கிட்டத்தட்ட நம்முடைய ‘தகுந்த காரணம்’தான். காரணம் கேட்பதே அங்கே உரிமை மீறல் ஆகிவிட்டது.

அங்கேயும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் படிவம் நிரப்ப வேண்டும், குற்றப் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். ஆனால் மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது பொது விதி. 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத்து தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டவன் அந்த ஓட்டை வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். சரிபார்ப்பு முடியவில்லை, நாள் முடிந்துவிட்டது. நம் ஊரில் பதில் வராவிட்டால் கோப்பு தூங்கும். அங்கே பதில் வராவிட்டால் துப்பாக்கி கைக்கு வரும். காரணம் சொல்ல வேண்டியவர் யார் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் விளைவு இது.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் கொலை 20,958. தற்கொலை 26,328. துப்பாக்கி விவாதம் என்றாலே கொள்ளைக்காரன் கதவை உடைக்கும் காட்சிதான் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட சாவுகளில் கதவை யாரும் உடைக்கவில்லை. சுட்டவரும் செத்தவரும் ஒருவரே. தூக்க மாத்திரையோ விஷமோ என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கும், மனசு மாறவும் நேரம் இருக்கும். துப்பாக்கி அந்த நேரத்தைத் தராது. ‘வீட்டுப் பாதுகாப்புக்கு’ என்று மனுவில் எழுதும்போது, அந்த வீட்டுக்குள்ளேயே கடன், குடி, பரீட்சைத் தோல்வி எல்லாம் குடியிருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மனநலச் சான்று கேட்பதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்புறம் அந்த ரவுடி விஷயம். தமிழ்நாட்டு ரவுடிக்கு அரிவாளும் நாட்டு வெடிகுண்டும்தான் பிரதான ஆயுதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், துப்பாக்கிக் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமில்லாத துப்பாக்கியால் நடந்தவை. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் பட்டறையில் அடித்துச் செய்து, கைமாறிக் கைமாறி வருபவை. இதை உரிமச் சட்டத்தின் தோல்வி என்கிறார்கள். பாதி உண்மைதான். அந்தத் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டியது போலீஸ், உரிமப் பிரிவு அல்ல. 2019 திருத்தத்தில் உரிமமில்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்று தண்டனையைக் கூட்டினார்கள். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களே, வட மாநிலங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்திலேயே ஆள் சாகிறார்களே, அதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை என்று தனியாக எழுதினார்கள். அதே திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி.

நல்லவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் ரவுடி அடங்குவான் என்றால், 2016 கடைசியில் நாட்டில் இருந்த 33 லட்சத்துக்கு மேற்பட்ட உரிமங்களில் 12 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த உத்தரப் பிரதேசம் நாட்டிலேயே அமைதியான மாநிலமாக இருந்திருக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் துப்பாக்கி இப்படியே நடந்துகொள்வதில்லை என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குடகில் கொடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் உரிம விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் சலுகை. 2019-இல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தார்கள், 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, குழலின் வாயில் தோக்குப் பூ செருகிப் பூசை செய்வார்கள். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறொன்றும் இல்லை, நம் செங்காந்தள்தான். அங்கே துப்பாக்கி குடும்பத்தின் சொத்து, ஊரார் கண்ணெதிரில் இருப்பது, வயதானவர்கள் கையிலிருந்து இளையவர்கள் கைக்குப் பழகிப் பழகி வருவது. இந்தக் கட்டுப்பாட்டை எந்தப் படிவமும் தர முடியாது. அதை அப்படியே மற்ற ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

தற்காப்பைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி உரிமை இல்லை என்பதால் தற்காப்பு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை, அது தெளிவாகவே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துத் தடுக்கலாம், நிலைமை அப்படி இருந்தால் எதிராளி இறந்தாலும் குற்றமில்லை. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது, போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வரைக் கொண்டுவந்தபோது விலை ஒரு லட்சத்து 22 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அந்த விலையில் என்ன பாதுகாப்பு என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு.

கடைசியாக, இந்தக் கேள்வியைப் படிக்கும் சிலருக்கு உடனே தேவைப்படக்கூடிய ஒன்று. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு தேர்தலின்போது ஸ்டேஷன் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தேன். பழைய வேட்டி, போர்வை, ஒருவர் கையில் குழந்தைத் தொட்டில் துணி, எல்லாவற்றிலும் சுற்றிய துப்பாக்கிகள். ஏட்டு ஒவ்வொன்றிலும் சணலால் அட்டை கட்டி, உரிமப் புத்தகத்தின் எண்ணைப் பார்த்து எழுதி, ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் ஒரு பாட்டி. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, துப்பாக்கி பரணில்தான் கிடந்தது, எல்லோரும் கொண்டுபோகிறார்களே என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டப்படி அந்த ஆறு வருடமும் அவர் உரிமமில்லாமல் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்த குற்றவாளி. ஏட்டு நல்ல மனுஷன், தலையில் அடித்துக்கொண்டு, பழைய கதை எதுவும் கேட்காமல் வாங்கி வைத்தார்.

எல்லா ஏட்டும் அப்படி இருக்க மாட்டார். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி இருந்தால், உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. உடனே பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வேண்டுமென்றால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு மனுப் போடலாம், மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு. வேண்டாம் என்றால் உரிமம் உள்ளவருக்கோ கடைக்கோ விற்கலாம். கடையில் வைத்தால் மாத வாடகை கேட்பார்கள், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.